ஐந்தாம் நம்பர் கேமரா

எங்கள் எண்ணெய்க்கடை முக்கில் ஓர் இரும்புக் கம்பம் நிற்கிறது. அதில் பன்னிரண்டடி உயரத்தில் ஒரு கேமரா. கேமராவுக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி, ஆறுக்கு நாலு அளவில் ஒரு போர்டு. 'தெய்வத்திரு பாவாடை அவர்கள் நினைவாக. உபயம்: ராமசாமி பாத்திர மாளிகை' என்று சிவப்பில் மஞ்சள் எழுத்து. சேலம் ரோட்டிலிருந்து கள்ளக்குறிச்சிக்குள் வருகிற எந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் படிக்கலாம். அந்தப் போர்டைச் செய்தவன் நான். அந்த கேமராவால் போர்டின் முதுகைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். மாட்டிய அன்றே தெரியும்.

என் பெயர் இளஞ்செழியன். முக்குக்கு நேர் எதிரே பிளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கட்சிக்காரன் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் மெஷின் வழியாகத்தான் தெருவுக்கு வரும். யாருக்கு எந்தப் பட்டம் பொருந்தும், யார் படத்தை யார் படத்தைவிடப் பெரிதாகப் போட வேண்டும் என்பதில் எனக்கு நிகராக இந்த ஊரில் ஆள் இல்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலமும் உண்டு.

போன ஆடியில் கடைவீதியில் ஒரே மாதத்தில் இரண்டு சங்கிலியும் நான்கு செல்போனும் போயின. எண்ணெய்க்கடைத் தெரு வணிகர் பேரவை கூடியது. தலைவர் பாத்திரக்கடை ராமசாமி. பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே மூன்று மணி நேரம் பேசி, 'பாதுகாப்பான கடைவீதி' என்று ஒரு திட்டம் போட்டார்கள். எட்டு இடத்தில் கேமரா, எட்டுக்கும் எட்டு உபயதாரர். ராமசாமியின் கடை மாடியில் ஒரு பெரிய டிவி, அதில் எட்டுக் கட்டம். பெயர் மட்டும் என்னுடைய யோசனை. திட்டத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறவன் நான்.

மற்ற ஏழு பேரும் ஒரு முழத் தகட்டில் பெயர் எழுதித் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். ராமசாமிக்குப் போதவில்லை. கேமரா பொருத்த சின்னசேலத்திலிருந்து வந்திருந்த சரத்குமார் ஏணியில் நின்றபடியே சொன்னான்.

"அண்ணே, போர்டு கேமராவுக்கு நேரா வருது. ரெண்டடி எறக்கிக் கட்டுங்க. இல்லன்னா ஒண்ணும் தெரியாது."

"எறக்குனா எளநி வண்டிக்காரன் குடை மறைக்கும்," என்றார் ராமசாமி. "எங்கப்பா பேரு எளநி குடைக்குப் பின்னாடி இருக்கணுமா? இன்னாடா பேசற நீ?"

"அப்ப கேமராவ ஏத்தணும். கம்பம் பத்தாதுண்ணே."

"அதெல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம். நாளைக்குத் தொறப்பு வுழா. செழியா, நீ கட்டுடா."

நான் கட்டினேன். சரத்குமார் என்னைப் பார்த்தான். "அவருதான் சொல்றாருல்ல, வுடுப்பா," என்றேன். என் கடை வேலையில் பாதி ராமசாமி வீட்டிலிருந்தும் அவர் கைகாட்டும் ஆட்களிடமிருந்தும் வருகிறது. ரெண்டடிக்காக அவரோடு மல்லுக்கு நிற்க நான் தயாராக இல்லை.

மாடிக்குப் போய் டிவியைப் பார்த்தோம். ஏழு கட்டங்களில் கடைவீதி நகர்ந்துகொண்டிருந்தது. ஐந்தாம் கட்டத்தில் வெளுத்த துணி மாதிரி ஒன்று. வெயில் ஏறியதும் அதில் எழுத்துகள் இடம் வலமாக மாறி மங்கலாகத் தெரிந்தன. "பாருடா, எங்கப்பா பேரு உள்ளேயும் தெரியுது," என்று ராமசாமி சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். மறுநாள் பூமாலை, எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் வைத்துத் திறப்பு விழா நடந்தது. "இனி இந்தக் கடைவீதியில் நல்லவனுக்குப் பயமில்லை, கெட்டவனுக்குத் தூக்கமில்லை" என்று மைக்கில் முழங்கினார்கள். அதையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

பாண்டியன் வந்தது அதற்கடுத்த வியாழக்கிழமை. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு சின்ன ஊர். வாரம் ஒருமுறை முதல் பஸ்ஸில் சாமை மூட்டையும் புளியும் ஏற்றிக்கொண்டு இறங்குவார். அதுவரை பஸ் ஸ்டாண்டு ஓரம் உட்கார்ந்து விற்றவர். அங்கே யாருடைய செல்போனோ காணாமல் போனதற்கு, மலையிலிருந்து வந்த நான்கு பேரையும் நிற்க வைத்து மூட்டையை அவிழ்த்துக் கொட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மூட்டை சாமை மண்ணோடு மண்ணாகப் போனது என்று என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்துவிட்டது என்பது போலச் சொன்னார்.

என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் நான் வா, போ என்றுதான் பேசுவேன். அவர் என்னை சார் என்பார். கடைவீதியில் இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை.

கம்பத்தடியில் சாக்கை விரித்துக்கொண்டே கேட்டார். "சார், இங்க உக்காந்தா அந்த கேமராவுல நா தெரிவனுங்களா?"

என் கையில் டீ இருந்தது. சுற்றிலும் நான்கு பேர் நின்றார்கள். தெரியாது, போர்டு மறைக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது.

"நல்லாத் தெரிவ. சினிமால வர்ற மாதிரி தெரிவ," என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். "அப்ப சரிங்க. நா இன்னா பண்ணிக்கினு இருக்கன்னு அது பாத்துக்கினே இருக்கும். பழி நம்ம மேல வுழாது," என்று சொல்லி உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழனும் வந்ததும் மேலே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மூட்டையை அவிழ்ப்பார். பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் ஒரு பார்வை. இந்தக் கதையை நான் டீக்கடையில் பத்து பேரிடமாவது சொல்லியிருப்பேன். சொல்லும்போதெல்லாம் பட்டன் போடுகிற மாதிரி நடித்தும் காட்டுவேன். நல்ல சிரிப்பு கிடைக்கும்.

பொங்கல் கழிந்த வியாழன். காலை பதினொரு மணி இருக்கும். நான் கடை வாசலில் ஒரு பேனருக்கு ஓரம் மடித்து ஒட்டிக்கொண்டிருந்தேன். எதிரே பாண்டியன் ஓர் அம்மாளுக்குச் சாமை அளந்துகொண்டிருந்தார். படி அளக்கிறவர்கள் முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அவர் அதை ராகம் போட்டுச் சொல்வார். லாபம்... ரெண்டு... மூணு... காதில் விழுந்துகொண்டே இருந்தது. நாலு என்று சொல்ல வாயெடுத்தபோது இருபதடி தள்ளி ஒரு பெண் அலறினாள்.

"ஐயோ, என் பை!"

திருக்கோவிலூரிலிருந்து ஜவுளி எடுக்க வந்திருந்த அமிர்தம் என்கிற ரிட்டயர்டு டீச்சர் அவர். கைப்பையைப் பின்னாலிருந்து எவனோ பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். பாண்டியன் படியைக் கீழே போட்டுவிட்டு அந்த அம்மாவை நோக்கி ஓடினார். சாமை ரோட்டில் சிதறியது. அலறல் கேட்டபோது அவர் இரண்டு கையாலும் படியைப் பிடித்திருந்தார். நான் பார்த்தேன். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, அன்றும் இல்லை.

கூட்டம் கூடி நான்கு பக்கமும் தேடியபோது, பாண்டியனின் மூட்டைக்குப் பின்னால் அந்தப் பை கிடந்தது. உள்ளே இருந்த சங்கிலி இல்லை. எடுத்தவன் ஓடுகிற போக்கில் வெறும் பையை வீசிவிட்டுப் போயிருக்கிறான். அமிர்தம் டீச்சர் பாவம், "யாருன்னு நா பாக்கலீங்களே, இவருதான்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் யாரோ "மலக்காரன்டா" என்றான். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. சாமை வாங்க வந்த அம்மாள் எந்தப் பக்கம் போனாளோ தெரியவில்லை.

சட்டையைப் பிடித்தபோது பாண்டியன் திமிறவில்லை. பயப்படவும் இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. "எதுக்குங்க சண்ட? மேல போயி கேமராவுல பாருங்க. நா இன்னா பண்ணிக்கினு இருந்தன்னு அதுவே சொல்லும். வாங்க, வாங்க," என்று கூப்பிட்டார். ராமசாமி கடையின் மாடிப்படியில் எல்லோருக்கும் முன்னால் ஏறிப் போனவர் அவர்தான். நானும் பின்னால் ஏறினேன்.

ராமசாமியின் மகன் டிவியில் நேரத்தைப் பின்னுக்கு ஓட்டினான். ஏழு கட்டத்திலும் ஜனங்கள் பின்னோக்கி நடந்தார்கள். பத்து ஐம்பத்தெட்டுக்கு நிறுத்தி ஐந்தாம் நம்பரைப் பெரிதாக்கினான். டிவி முழுக்க வெளுத்த சிவப்பு. அதில் பாவாடையின் பெயர் இடம் வலமாக.

பாண்டியன் கிட்டப் போய்ப் பார்த்தார். குனிந்து பார்த்தார். "இதுல நா எங்கங்க?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள்.

ராமசாமி சிரிக்கவில்லை. அவர் போர்டால் வந்த வினை என்று நாளைக்கு யாராவது சொல்லிவிடக் கூடாதே என்ற கவலை முகத்தில் ஓடியதைப் பார்த்தேன். ஒரு நிமிஷம்தான். பிறகு அவருக்கு வழி கிடைத்துவிட்டது.

"எட்டு கேமரா இருக்குது. ஒண்ணே ஒண்ணுதான் மறைஞ்சிருக்கு. கரீட்டா அதுக்குக் கீழ வந்து உக்காந்துகினு இருக்கான் பாருங்க. எத்தினி வாரமா? திட்டம் போட்டு வந்திருக்கான்."

அறை முழுவதும் ஆமாம் ஆமாம் என்றது. எனக்கே ஒரு கணம், அட, சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. வாசகம் அப்படி. நான் எழுதியிருந்தால்கூட அவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

அப்போதுதான் பாண்டியன் திரும்பினார். கூட்டத்தில் என்னைக் கண்டதும் மறுபடி அந்தப் பழைய நம்பிக்கை முகத்தில் வந்தது.

"சார்! நீங்கதான சொன்னீங்க, இங்க உக்காந்தா நல்லாத் தெரிவன்னு? சொல்லுங்க சார். நீங்க எதிர்லதான இருந்தீங்க? நா அளந்துகினுதான இருந்தன்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராமசாமியும் பார்த்தார்.

"எங்கிட்டயா? எப்ப?" என்றேன். "கடைக்கு ஆயிரம் பேரு வந்து போறாங்க. நா வேலையா இருந்தன். கவனிக்கலண்ணே."

முதல் அடியை யார் அடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கடைவீதியை எட்டு கேமரா பார்க்கிறது. அந்த மாடி அறையில் ஒரு கேமராவும் இல்லை. நான் கீழே இறங்கி வந்து பேனருக்கு ஓரம் மடித்தேன். ரோட்டில் கிடந்த சாமையைப் புறாக்கள் பொறுக்கிக்கொண்டிருந்தன. சாயங்காலம் அவரைப் போலீஸில் ஒப்படைத்துவிட்டார்கள் என்றும், கேஸ் போட்டுக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். சங்கிலி கிடைக்கவில்லை. கூட்டாளியிடம் கொடுத்துவிட்டான் என்று டீக்கடையில் முடிவு செய்தார்கள்.

நான் செய்தது பயத்தில் செய்தது. குடும்பம் இருக்கிறது, கடை வாடகை இருக்கிறது என்று ராத்திரி ராத்திரி எனக்கு நானே நிறையச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் சரிதான். ஆனால் அதன் பெயர் பயம்தான், வேறு பெயர் எனக்கு அகப்படவில்லை. இத்தனைக்கும் பெயர் வைப்பதுதான் என் தொழில்.

இரண்டு வாரம் கழித்து ராமசாமி கடைக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"செழியா, திட்டத்துக்கு நூறாவது நாள் வுழா வக்கறம். பத்துக்கு எட்டு ஒண்ணு அடி. நம்ம கேமராவால திருடன் ஆப்ட்ட விசயம் பெருசா வரணும். அவன் போட்டோவப் போடு. எம் பையன் அன்னிக்கு மேல எடுத்தது இருக்குது, அனுப்பச் சொல்றன்."

போட்டோ வந்தது. இடது கண் மூடியிருந்தது. உதடு கிழிந்து வீங்கியிருந்தது. நான் கம்ப்யூட்டரில் திறந்து, பின்னால் இருந்த பாத்திர அலமாரியை வெட்டி எடுத்தேன். பிறகு கை தானாக வேலை செய்தது. எத்தனை வருஷப் பழக்கம்! ஆஸ்பத்திரியில் செத்தவர், ரோட்டில் அடிபட்டவர் யார் படம் வந்தாலும் காயத்தை அழித்து, கண்ணைத் திறந்து வைத்து, முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித்தான் அஞ்சலி போஸ்டர் அடிப்பேன். பாண்டியனுக்கும் அதையே செய்திருந்தேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது மேல் பட்டன் போட்டுக்கொண்டு கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷன் மாதிரியே இருந்தார். அடி வாங்கியதற்கான தடயம் ஒன்றுகூட இல்லை. அதை அப்படியே மெஷினுக்கு அனுப்பினேன்.

அன்று வியாழக்கிழமை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முகம் பாதி வெளியே வந்திருந்தபோது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் துணிப்பை, கையில் தூக்குவாளி.

"போர்டு கட சார் நீங்கதானுங்களா? நா வெள்ளச்சி. பாண்டியன் ஊட்டுக்காரி. ஜீப்பு ஓட்டுற காத்தான்தான் வந்து சொன்னான், கடலூரு ஜெயில்ல வச்சிருக்குதுன்னு. அவுரு எப்பயும் சொல்வாருங்க, கீழ ஒனக்கு எது ஒண்ணுன்னாலும் எதிர்க்க இருக்கிற போர்டு கட சாரக் கேளு, நல்ல மனுசன்னு. கடலூரு பஸ்ஸு எங்க நிக்குமுங்க? அவுருக்குச் சட்டயும் கொஞ்சம் சாமச்சோறும்..."

பேச்சு நின்றது. அவள் கண் எனக்குப் பின்னால் போயிருந்தது. நான் மெஷினை நிறுத்தியிருக்க வேண்டும். கை வரவில்லை. பாண்டியனின் முகம் நெற்றியிலிருந்து மோவாய் வரை, ஒரு ஆள் உயரத்துக்கு, வெளுப்பாக, வண்ணமாக, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

தூக்குவாளியைத் தரையில் வைத்தாள்.

"சார், அவுரு செத்துட்டாருங்களா?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "எங்க ஊருல செத்தாத்தான் சார் இப்புடிப் பெருசா போட்டோ போடுவாங்க," என்றாள். அழ ஆரம்பிக்கவில்லை, அழலாமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இல்லம்மா. உசுரோடதான் இருக்காரு. ஒண்ணும் ஆவல," என்றேன்.

அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாள்கூட. "நெஞ்சே நின்னுபோச்சுங்க. அப்ப எதுக்கு சார் போட்டிருக்குது? எனக்குப் படிக்கத் தெரியாது. இன்னா எழுதியிருக்குதுன்னு படிங்க."

நான் எதை வேண்டுமானாலும் படித்திருக்கலாம். காணவில்லை என்று படித்திருக்கலாம். எழுத்தை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அந்த நேரத்தில் ஒரு பொய்யும் வரவில்லை. இருந்ததைப் படித்தேன்.

"எண்ணெய்க்கடை முக்கில் கைவரிசை காட்டிய திருடன், கேமரா கண்காணிப்பில் கையும் களவுமாகப் பிடிபட்டான்."

அவள் மறுபடி அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"கேமராவுல தெரிஞ்சிதுங்களா?"

இந்த இடத்தில்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். கேமராவில் ஒரு மண்ணும் தெரியவில்லை, போர்டு மறைத்திருக்கிறது, போர்டைக் கட்டியவன் நான், உன் புருஷன் படியைப் பிடித்திருந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாயைத் திறந்தேன். செல்போன் அடித்தது. ராமசாமி. எடுக்கவில்லை, ஆனால் அதைப் பார்த்தேன். அந்தப் பெயரைப் பார்த்த நேரத்தில் அவளே பேசத் தொடங்கிவிட்டாள்.

"கேமரா பொய் சொல்லாதுன்னு அவுருதான் சார் சொல்வாரு. ஆளுங்க சொல்வாங்க, அது சொல்லாதும்பாரு. ஊருல வந்து எல்லாருகிட்டயும் சொல்வாரு." தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது பாத்திருச்சுன்னா... அப்ப அவுருதான் எடுத்திருக்காரு."

கேள்வியாகக் கேட்கவில்லை. யாரும் மறுத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கவும் இல்லை. துணிப்பையைத் திறந்து, மேலே மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை உள்ளே தள்ளி, வாயைச் சுருக்கிக் கட்டினாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். வாசற்படியில் இறங்கி நின்று, எதிரே கம்பத்தின் மேலே கேமராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். புருஷன் பார்ப்பது போலவே பார்த்தாள்.

"கடலூரு பஸ்ஸு வேணாம் சார்," என்றாள். "வெள்ளிமல பஸ்ஸு எப்ப?"

"பதினொன்னே காலுக்கு," என்றேன்.

அது சரியான நேரம்தான்.